லெட்டர் பெஞ்சு

கடைசிப் பீரியடுக்கு மணி அடிக்கும் முன்பே ராஜகனி மைதானத்துக்கு வந்துவிட்டாள். வந்ததும் செய்த முதல் காரியம் கையிலிருந்த அட்டையைக் கவிழ்த்துப் பிடித்ததுதான். கவிழ்த்துப் பிடித்தால் அதில் கிளிப் போட்டிருக்கிற படிவம் மாயமாகிவிடுமா என்ன. சனிக்கிழமை மாவட்டப் போட்டி, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், பெயர் முப்புடாதி, வகுப்பு பதினொன்று பி, எல்லாம் எழுதியாகிவிட்டது. கடைசி வரி மட்டும் காலியாகக் கிடந்தது: மேற்படி மாணவி ஓடுவதற்கு உடல்தகுதி உடையவர் எனச் சான்றளிக்கிறேன், உடற்கல்வி ஆசிரியர் கையொப்பம். நாலு பத்துக்குப் பள்ளி விடும், நாலேகாலுக்கு ஆபீஸ் கிளார்க் பைக்கை எடுத்துக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பிவிடுவார், அதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லை பெயரை அடித்துவிட வேண்டும். இருபத்தாறு வருஷமாக உடற்கல்வி டீச்சராக இருந்து இப்படி எத்தனை படிவத்தில் போட்டிருக்கிறாள், ஒன்றிலாவது இரண்டாவது தடவை வாசித்துப் பார்த்திருப்பாளா. இன்றைக்கு என்னடாவென்றால் காலையிலிருந்து அந்த ஒரு வரியையே வாசித்துக்கொண்டிருக்கிறாள். கையெழுத்துப் போடவும் கை ஒத்துழைக்கவில்லை, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒரே பிளாஸ்டரில் சுற்றிக் கிடக்கின்றன, பத்து நாளைக்கு முன்னால் த்ரோபாலை ஒற்றைக் கையில் நிறுத்திக் காட்டுகிறேன் பார் என்று போய் வாங்கிக்கொண்ட பரிசு. ஐம்பத்தோரு வயசில் யாருக்குக் காட்ட வேண்டும். காட்டினாள், பிள்ளைகள் கை தட்டினார்கள், விரல் வீங்கியது. ஆடிக்காற்று மைதானத்து மண்ணைக் கிளப்பிக் கண்ணில் போட்டது. இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது, அதற்குள் ஏதாவது ஒன்று தோன்றாமலா போகும்.

அதோ பதினொன்று பி வருகிறது. வருகிற அழகைப் பார்க்க வேண்டும். காலையிலிருந்து ஏழு பீரியட் பெஞ்சிலேயே உட்கார்ந்து, இயற்பியல், வேதியியல், இன்றைக்கு வியாழக்கிழமை என்பதால் மத்தியானம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, அதையும் நாக்குக்கடியில் ஒளித்துவைத்துத் துப்பப் பார்த்த நாலு பேரை இவள் பிடித்து விழுங்க வைத்தது, இவ்வளவுக்கும் பிறகு, மைதானத்து மண்ணை மிதித்ததும் எங்கிருந்துதான் வருகிறதோ அந்தத் துள்ளல். துப்பட்டாவைக் குறுக்கே இழுத்துப் பின் குத்திக்கொண்டு, செருப்பைப் புங்கமரத்தடியில் வரிசையாக விட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே கையை நீட்டி இடைவெளி பார்த்து நின்றார்கள். வீட்டில் அத்தனை பேருக்கும் ஆயிரத்தெட்டு வேலை, பாதிப் பேர் பஸ்ஸில் தொங்கி வருகிறவர்கள், ஒருத்தியாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாளா பார். இவளுக்கு இவர்கள் மேல் ஒரு மரியாதை உண்டு, வெளியே சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்று சொல்லாமல் வைத்திருக்கிறாள். மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் ஜெஸிமா மட்டும் போய் உட்கார்ந்தாள். அதற்கு லெட்டர் பெஞ்சு என்று பெயர். வீட்டிலிருந்து லெட்டர் கொண்டு வந்தால்தான் அதில் உட்கார முடியும், இது ராஜகனியின் சட்டம். காய்ச்சலா, லெட்டர் எங்கே. கால் சுளுக்கா, லெட்டர் எங்கே. மாதாமாதம் வருகிற வலிக்கு மட்டும் லெட்டர் வேண்டாம், கண்ணைக் காட்டினால் போதும். தலைமையாசிரியையே ஒரு நாள் சுற்றி வந்த அசதியில் அதில் உட்கார்ந்தபோது மேடம் லெட்டர் எங்கே என்று இவள் கேட்டுவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் ஒரு கதை உலவுகிறது. கேட்கவில்லை, வாய் வரைக்கும் வந்தது, அவ்வளவுதான். ஜெஸிமாவுக்கு வீசிங், தூசி ஆகாது, அவள் லெட்டர் வருஷம் பூராவும் செல்லும். உட்கார்ந்தவள் சும்மா இருக்கக் கூடாது என்பதும் சட்டம், அதனால் சுற்று எண்ணுகிறதும் பல்ஸ் எழுதுகிறதும் அவள் வேலை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் எதையும் விடாது. அதன் கண்ணைப் பார்த்தால் இவளுக்கே சில சமயம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்ளத் தோன்றும்.

விசில் ஊதினாள். ஊதி முடித்ததும் மூச்சு லேசாக முட்டியது, காற்று எதிர்த்து அடிக்கிறது, வேறென்ன. முப்பத்துமூன்று பேரும் கிளம்பினார்கள், இரண்டு சுற்று, அதற்கு மேல் முப்புடாதி மட்டும் ஏழரைச் சுற்று வரைக்கும், அதுதான் ஆயிரத்து ஐந்நூறு. கிளம்பும்போது அவள் திரும்பி இவளைப் பார்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு நேராகப் போய்க் குத்தியது. தெரியாமல் சிரிக்கிறாள். முப்பத்தேழு என்ற எண் கண்ணுக்கு முன்னால் வந்தது. வரக்கூடாது என்று நினைக்கிறபோதுதான் வரும். வேலையில் சேர்ந்த வருஷம், ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு போட்டி, இவள் சுற்று எண்ணுகிறவர்களில் ஒருத்தி, எண்ணூறு மீட்டரில் முப்பத்தேழாம் எண் போட்ட ஒரு பெண் கடைசி வளைவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தது. தடுக்கி விழுந்ததாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். இவளும் கையிலிருந்த அட்டையில் முப்பத்தேழுக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த எண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் எழுந்திருக்கவே இல்லை. அவளுடைய டீச்சர் பிறகு சுவரோரம் உட்கார்ந்து, அப்பப்போ நெஞ்சு படபடங்குதுன்னு சொல்லும், நான்தான் பயம்னு நெனச்சேன், நான்தான் பயம்னு நெனச்சேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த டீச்சரின் முகம் மறந்துவிட்டது, குரல் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ராஜகனி பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ பல்ஸ் பார்க்கிற வழக்கத்தைக் கொண்டு வந்தாள். ஓடி முடித்ததும் ஒரு விசில், ஜோடி ஜோடியாக நின்று ஒருத்தி மணிக்கட்டை ஒருத்தி பிடிக்க வேண்டும், பதினைந்து விநாடியில் மறு விசில், எண்ணியதை நாலால் பெருக்கிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர்கள் கேலி பண்ணுவார்கள், டீச்சர் கிளினிக் போட்டுட்டீங்களாமே என்று. பண்ணிவிட்டுப் போகட்டும்.

இரண்டு சுற்று முடிந்தது. விசில். பிள்ளைகள் மூச்சிரைக்க ஜோடி சேர்ந்தார்கள். நடுவரிசையில் ஒருத்தி தோழியின் மணிக்கட்டைக் கத்தரிக்காயைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தாள். "ஏட்டி, கட்டவெரல எடு. எத்தன தடவ சொல்லுதது. கட்டவெரலுக்குள்ளயும் துடிப்பு இருக்கு, அவ பல்ஸ எண்ணுதேன்னு உன் பல்ஸ எண்ணிட்டு நிப்பே." அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு விரலை மாற்றி வைத்தாள். மறு விசில். நூற்று நாற்பத்தெட்டு, நூற்று அறுபது, நூற்று ஐம்பத்திரண்டு, குரல்கள் காற்றில் அடித்துக்கொண்டு போயின, முப்பத்திரண்டு நெஞ்சும் ஒழுங்காக வேலை செய்கிறது, ஜெஸிமா எழுதிக்கொண்டாள். கேட்கக் கேட்க எவ்வளவு நிம்மதியாக இருக்கும் இந்தக் கணக்கு, மற்ற நாளாக இருந்தால். மூன்றாவது சுற்றில் முப்புடாதி தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைதான் முதலில் பட்டது. ஏழரைச் சுற்று முடித்து வந்து நின்றவளின் கையை வாங்கி, இடது கையில் ஸ்டாப்வாட்ச் இருந்ததால் வலது கையாலேயே பிடித்து எண்ணியபோது, டக் டக் டக் என்று வந்துகொண்டிருந்ததில் நடுவில் ஒன்று வரவில்லை. காத்திருந்தாள். பிறகு ஒன்று பலமாக வந்தது, விட்டதற்கும் சேர்த்து. எண்ணிக்கை இருபத்துமூன்று, நாலால் பெருக்கினால் தொண்ணூற்றிரண்டு. ஏழரைச் சுற்று ஓடி வந்த நெஞ்சு தொண்ணூற்றிரண்டா. அன்றைக்கு ஜெஸிமா முப்புடாதிக்கு ஜோடி நின்று நாற்பத்திரண்டு எண்ணி, நூற்று அறுபத்தெட்டு என்று சொல்லியிருந்தாள், ஒழுங்கா எண்ணப் படிட்டி என்று இவள் அவளை வைது அதை அடித்துவிட்டுத் தன் கணக்கை எழுதினாள். புதன்கிழமையும் அப்படியே, இன்னும் மோசம், இரண்டு இடத்தில் விட்டது. ஓடியும் ஏறாத பல்ஸ், நடுநடுவே நின்று நின்று வருகிற பல்ஸ், இது நல்லதற்கில்லை என்று சொல்ல டாக்டர் வேண்டுமா.

டாக்டரிடம்தான் அனுப்ப வேண்டும், அது தெரியாமலா இருக்கிறாள். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் சொல்ல வேண்டும். முப்புடாதியின் அம்மாவிடம் போய், உங்க பிள்ளைக்கு நெஞ்சில் ஏதோ இருக்கிறது என்று சொன்னால், அந்தச் சொல் அந்தத் தெருவை விட்டுப் பிறகு போகவே போகாது. நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் வரைக்கும் அது முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றும் இல்லை என்று பத்து டாக்டர் எழுதிக் கொடுத்தாலும், ஒன்றும் இல்லாமலா டீச்சர் சொன்னாங்க என்பார்கள். ஓட்டம் அன்றோடு சரி. விடிகாலையில் எழுந்து பிச்சிப்பூத் தோட்டத்தில் இரண்டு மணிநேரம் பூப் பறித்துவிட்டு எட்டரைக்குப் பள்ளிக்கூடம் வருகிற பெண், அவளுக்கென்று இருக்கிறதே இந்த ஏழரைச் சுற்றுதான். அதைப் பிடுங்கிக்கொள்ள நான் யார். பிடுங்காமல் விட்டு, சனிக்கிழமை கடைசி வளைவில், வேண்டாம், அந்த நினைப்பே வேண்டாம். அதனால் ஒரு பொய் தயார் பண்ணி வைத்திருக்கிறாள். பிறந்த தேதியில் சிக்கல், பெயர் எடுபடவில்லை, அடுத்த வருஷம் பார்ப்போம். அதற்குள் எப்படியாவது நைசாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடலாம். சொல்லிப் பார்த்தாள் மனசுக்குள், பிறந்த தேதியில் சிக்கல். முப்புடாதி அழ மாட்டாள், சரி டீச்சர் என்பாள், அதுதான் தாங்காது. இந்த யோசனையிலேயே நாலு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருக்கிறது, கேஸ்தான், வேளைக்குச் சாப்பிடுவதில்லை. மாடி ஸ்டாஃப் ரூமுக்கு ஏறும்போது நடுவில் நின்று ஷூ லேஸைக் கட்டவேண்டியிருக்கிறது, இப்போதெல்லாம் தினமும் அவிழ்கிறது, கடையில் நல்ல லேஸ் தருவதில்லை. உலகத்துக்கெல்லாம் உடல்நலம் வகுப்பெடுக்கிறவள், தண்ணீர் குடி, நேரத்துக்குத் தூங்கு, வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை பண்ணு என்று போர்டில் எழுதிப் போடுகிறவள், தன் பரிசோதனைச் சீட்டைக் கடைசியாகப் பார்த்தது எப்போது. அதெல்லாம் அப்புறம்.

ஐந்தாவது சுற்று. ஓடுகிறாள் பார். மற்றவர்கள் ஓடினால் கால் ஓடும், இவள் ஓடினால் ஆளே ஓடுகிறாள். குதிகால் தரையில் பட்டது தெரியாது, தோள் அசையாது, எதிர்காற்றில் துப்பட்டா படபடக்கிறது, முகம் அப்படியே இருக்கிறது. வாயைக் கூடத் திறக்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுத்து வருகிறதா இது. ராஜகனி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன, எத்தனை சுற்று என்பதும், எங்கே வேகத்தை எடுக்க வேண்டும் என்பதும்தான், மிச்சமெல்லாம் அந்தப் பெண் தன்னோடு கொண்டு வந்தது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ நல்ல ஓட்டக்காரிகளைப் பார்த்தாயிற்று, பார்க்கும்போது வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றுகிற ஓட்டம் இது ஒன்றுதான். ஆறாவது சுற்றில் வேகத்தை எடுத்தாள். ஓரத்தில் த்ரோபால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். ராஜகனிக்குக் கண் கலங்கியது, மண் விழுந்த கண்ணைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டாள். இவ்வளவு அழகாக ஓடுகிற ஒன்றுக்குள் அப்படி ஒரு ஓட்டையை வைப்பாரா கடவுள், வைத்தால் அவர் என்ன கடவுள். ஏழு. ஏழரை. ஸ்டாப்வாட்சை அமுக்கினாள், சென்ற வாரத்தைவிட நாலு விநாடி குறைவு. மணி மூன்று ஐம்பத்தைந்து.

முப்புடாதி நேராகப் புங்கமரத்தடிக்கு வந்து, கேட்காமலே கையை நீட்டினாள். ஜெஸிமா ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், மறு கையை ராஜகனி வாங்கினாள். வியர்வையில் வழுக்குகிற சின்ன மணிக்கட்டு, பூக்காம்பின் பச்சை நகக்கண்ணில் இன்னும் போகவில்லை. கடவுளே, இன்றைக்கு மட்டும் விடாமல் வரட்டும், வந்தால் இந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். டக், டக், டக், டக், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, பிறகு பலமாக ஒன்று. டக், டக், ஒன்றும் இல்லை. பதினைந்து விநாடியானது தெரியாமல் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள். "என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரி இருக்கு," என்றாள் முப்புடாதி. "நாலு நாளா என் கையப் பிடிச்சாலே இப்பிடித்தான் ஆகுறீக. என் பேர அடிக்கப் போறீகளா டீச்சர்?" பிறந்த தேதியில் சிக்கல் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது, "இல்லட்டி, அது வந்து," அவ்வளவுதான். ஜெஸிமா இந்தப் பக்கத்துக் கையை விடாமலே மெதுவாகச் சொன்னாள். "நாப்பத்தி மூணு டீச்சர். நூத்தி எழுவத்திரெண்டு. ஒழுங்காத்தான் எண்ணுனேன்." தப்பு, என்று ராஜகனி தலையை ஆட்டினாள், உனக்கு எண்ணத் தெரியல. ஜெஸிமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வகுப்பில் சந்தேகம் கேட்கிற குரலில் சொன்னாள். "டீச்சர், நீங்க கட்டவெரல வெச்சிருக்கீக."

ராஜகனி கீழே பார்த்தாள். பிளாஸ்டர் சுற்றிய இரண்டு விரலும் மேலே விறைத்துக்கொண்டு நிற்க, அவளுடைய கட்டைவிரல் அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. திங்களும் அது, புதனும் அது. இருபத்தாறு வருஷமாக எத்தனை பிள்ளைகளிடம் எடு எடு என்று சொன்ன கட்டைவிரல், சற்று முன்னால் கூடச் சொன்னது. அட முட்டாளே. அட முட்டாளே. முதலில் வந்தது சிரிப்புத்தான், வயிற்றிலிருந்து குபீரென்று வந்தது, நல்லா இருக்கிறாள், முப்புடாதி நல்லா இருக்கிறாள், நூற்று எழுபத்திரண்டு, ஓட்டக்காரிக்கு வேறு எப்படி இருக்கும், ஒரு ஓட்டையும் இல்லை, கடவுள் கடவுளாகத்தான் இருக்கிறார். முப்புடாதி ஒன்றும் புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஜெஸிமா சிரிக்கவில்லை. சிரிப்பு பாதியில் இருக்கும்போதே ராஜகனிக்கும் அது வந்து சேர்ந்தது, ஷூ லேஸ், இடது பக்கம் துள்ளுகிற மீன், விசில் ஊதினால் முட்டுகிற மூச்சு, எல்லாம் ஒவ்வொன்றாக வரிசையில் கை நீட்டி இடைவெளி பார்த்து நின்றன. அப்படியென்றால் நாலு நாளாக நின்று நின்று வருகிறது யாருடையது. "கையக் குடுங்க டீச்சர்," என்றாள் ஜெஸிமா. ராஜகனி கொடுத்தாள். இரண்டு விரல், சரியான இடம், அழுத்தாமல், பாடத்தில் உள்ளபடி. தானே ஸ்டாப்வாட்சையும் அமுக்கிக்கொண்டு அந்தப் பெண் எண்ணியது, உதடு அசைந்து அசைந்து, ஓரிடத்தில் நின்று, மறுபடி அசைந்தது. எண்ணி முடித்தும் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. "நடுவுல விட்டு விட்டு வருது டீச்சர். ஆஸ்பத்திரி போகணும். இன்னைக்கே போகணும்." வீசிங்குக்கு எத்தனை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்த பெண், அவளுக்குத் தெரியும் எந்தக் குரலில் சொல்ல வேண்டுமென்று.

நாலு மணி ஆகியிருந்தது. ராஜகனி அட்டையைத் திருப்பி, பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கோணல் மாணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற மாதிரி, மேற்படி மாணவியின் உடல்தகுதிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். இவ்வளவு மனசார ஒரு கையெழுத்தை அவள் போட்டதே இல்லை. "ஓடிப்போய்க் கிளார்க் சார்கிட்ட குடு," என்று படிவத்தை உருவி முப்புடாதியிடம் நீட்டினாள், "ஓடிப்போய்ன்னா ஓடணும்." அந்தப் பெண் போகாமல் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏட்டி, நீ போ, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருதேன், எனக்கு ஒண்ணுமில்ல, உன்னோட ஓட்டத்தப் பாக்காம எங்கயும் போயிரமாட்டேன்." பிறகு கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி அவள் கையிலேயே வைத்தாள், திரும்பி வந்து வகுப்பை நீதான் கலைச்சு விடணும் என்றாள். முப்புடாதி ஓடினாள். பயம் எங்கே போய்விடும், பயம் இருந்தது, முப்பத்தேழு இருந்தது. ஆனாலும் அந்த ஓட்டம் கண்ணில் படும்போது அது கொஞ்சம் தள்ளி நின்றது. இந்தப் பிள்ளைகளிடம் தன் நெஞ்சைக் கொடுத்து எண்ணச் சொல்லலாம், சரியாக எண்ணுவார்கள். நிற்க முடியாது போலிருந்தது. இருபத்தாறு வருஷமாக வகுப்பு நேரத்தில் ஒரு தடவையும் உட்காராத இடத்தில், சிமெண்ட் பெஞ்சில் ஜெஸிமாவுக்குப் பக்கத்தில், மெதுவாக உட்கார்ந்தாள். ஜெஸிமா நோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டு நகர்ந்தாள், இவளுடைய மணிக்கட்டை மட்டும் விடவில்லை. பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"லெட்டர் எங்க டீச்சர்?"

"நாளைக்குக் கொண்டாரேன்," என்றாள் ராஜகனி.